ஒரே கேள்வி, இரண்டு விடைகள்: தரவுத்தள மொழியின் வட்டார வழக்குகளை நாம் ஏன் அறிய வேண்டும்?

149-ஐ 2-ஆல் வகுத்தால் எவ்வளவு? தொடக்கப்பள்ளி மாணவரும் 74.5 என்று சொல்லிவிடுவார். இதே கணக்கை ஒரு தரவுத்தளத்திடம் கேட்டுப் பாருங்கள். மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் ஆகியவை 74.5 என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் ஆகியவை 74 என்று சொல்லும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பது பின்னவற்றின் கொள்கை. மீதமுள்ள அரையை அவை சத்தமில்லாமல் வெட்டிவிடுகின்றன.

அரை மதிப்பெண்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரு மாணவர் இரண்டு தாள்களில் 74, 75 மதிப்பெண்கள் பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரியைக் கணக்கிட்டு, அதை முழு எண்ணாக்கி, தரத்தை முடிவு செய்ய ஒரு வினவல் எழுதப்பட்டிருக்கிறது. நம் உயர்நிலைப்பள்ளிகளில் பழகிப்போன தர அளவில் 75-உம் அதற்கு மேலும் ஏ1. 70 முதல் 74 வரை ஏ2. மைஎஸ்கியூஎல் 74.5-ஐ 75 ஆக்கிவிடும், மாணவருக்கு ஏ1. போஸ்ட்கிரெஸில் எண் 74-லேயே நின்றுவிடும், அவருக்கு ஏ2. மாணவர் அவரே, மதிப்பெண் அதுவே, எழுதிய வினவலும் அதுவே. மாறியது தரவுத்தளம் மட்டும். இரண்டு இடங்களிலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஒரு தரவுத்தளத்துக்காக எழுதிய வினவலை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும்போது, “ஓடுகிறதா?” என்றுதான் நாம் கேட்கிறோம். “அதே விடையைத் தருகிறதா?” என்று கேட்பது குறைவு. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பழக்கம் வேலைக்குப் போன பிறகு வந்தால் போதாது, வகுப்பறையிலேயே வரவேண்டும் என்பது என் கருத்து.

ஒரு மொழி, பல வழக்குகள்

தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் மொழி எஸ்கியூஎல். அதன் வேர் 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இருக்கிறது. தகவல்களை அட்டவணைகளாகப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை அவர் அதில் முன்வைத்தார். 1974-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் அதற்கேற்ற ஒரு மொழியை வடிவமைத்தனர். பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1979-இல் அம்மொழியில் இயங்கும் தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தரநிலை 1986-இலும் அனைத்துலகத் தரநிலை 1987-இலும்தான் வந்தன.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பொருள் சந்தைக்கு வந்தது, பிறகுதான் இலக்கணம் வந்தது. அதற்குள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் வழக்குக்குப் பழகிய வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். அதனால் தரநிலை பல இடங்களில், தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது. முழு எண் வகுத்தலில் எத்தனை தசம இடங்கள் என்பது அப்படி விடப்பட்ட ஒன்று. அதாவது, மேலே பார்த்த 74, 74.5 இரண்டுமே விதிக்கு உட்பட்டவை! தரநிலைக்கு ஏற்ப ஒரு தரவுத்தளம் நடக்கிறதா என்று அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பு 1996 வரை சோதித்துச் சான்று வழங்கி வந்தது. அதன்பின் அந்தச் சோதனை நின்றது. இன்று “நாங்கள் தரநிலையைப் பின்பற்றுகிறோம்” என்று தயாரிப்பாளர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

துறையில் இந்த வேறுபாடுகளை வட்டார வழக்குகள் என்றே அழைக்கிறார்கள். தமிழ் மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வகுப்பில் எழுத்துத் தமிழும் வீட்டில் பேச்சுத் தமிழும் பழகியவர்கள் நாம். நம் ஊரிலும் மலேசியாவிலும் “பசியாறியாச்சா?” என்றால் பெரும்பாலும் காலை உணவைப் பற்றிய கேள்வி. சென்னையிலிருந்து வந்தவர் காதில் அது பசி தீர்ந்ததா என்று விழலாம். சொல் இருவருக்கும் தெரியும், இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் கேட்டவர் எண்ணிய பொருள் வேறு, பதில் சொல்பவர் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தரவுத்தளங்களிலும் சிக்கல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

சத்தம் போடும் வேறுபாடும் சத்தம் போடாத வேறுபாடும்

வேறுபாடுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, சத்தம் போடுபவை. முதல் பத்து வரிசைகள் மட்டும் வேண்டும் என்றால் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகியவற்றில் ‘லிமிட்’ என்று எழுதுவோம். எஸ்கியூஎல் சர்வரில் அது ‘டாப்’. பழைய ஆரக்கிளில் ‘ரோநம்’. 2008-ஆம் ஆண்டுத் தரநிலை சொல்வதோ ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’. தவறான இடத்தில் தவறான சொல்லை எழுதினால் தரவுத்தளம் உடனே மறுத்துவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆபத்து இல்லை. ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம்.

இரண்டாவது வகை, சத்தம் போடாதவை. ஒரு பேச்சுப் போட்டியின் புள்ளிகளை அட்டவணையில் சேர்த்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு வராதவர்களின் புள்ளி ‘நல்’ என்று இருக்கும். இது ‘நல்ல’ என்பதன் ‘நல்’ இல்லை. “மதிப்பு தெரியாது” என்பதற்கான குறி. இப்போது அதிகப் புள்ளியிலிருந்து குறைந்த புள்ளிக்கு வரிசைப்படுத்தி முதல் பத்துப் பேரைக் கேட்கிறோம். மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட், எஸ்கியூஎல் சர்வர் மூன்றும் ‘நல்’லை மிகச் சிறியதாகக் கருதிக் கடைசியில் வைக்கும். போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் அதை மிகப் பெரியதாகக் கருதி முதலில் வைக்கும். போட்டிக்கே வராதவர் பரிசுப் பட்டியலில் முதலிடத்தில் நிற்பார்! இதுவும் தரநிலை தயாரிப்பாளரிடம் விட்ட முடிவுதான்.

பத்துப் பேர் பட்டியல் என்றால் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியலை யாரும் பார்க்காமல், இன்னொரு நிரல் எடுத்து நேரடியாகக் கடிதம் அனுப்புகிறது என்றால்? இன்றைய மின்னிலக்கச் சேவைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் நடக்கின்றன.

நம் பெயர்களும் இதில் சிக்கும்

நம் சமூகத்துக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரைத் தனிக் களத்தில் எழுதுகிறோம். சிலர் அந்தக் களத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். முழுப்பெயரை அச்சிட இரண்டு களங்களையும் இணைக்க வேண்டும். தரநிலையில் அதற்கான குறி இரட்டைச் செங்குத்துக் கோடு: ||.

ஆரக்கிளில் வெறுமையான எழுத்துத் தொடரும் ‘நல்’லும் ஒன்றே. பெயரோடு ‘நல்’லை இணைத்தால் பெயர் அப்படியே கிடைக்கும். அந்தத் தரவு போஸ்ட்கிரெஸுக்கு மாற்றப்படுகிறது என்று வையுங்கள். அங்கே எதனோடு ‘நல்’லை இணைத்தாலும் விளைவு ‘நல்’தான். தந்தை பெயர் இல்லாதவரின் சொந்தப் பெயரும் சேர்ந்து மறைந்துவிடும். மைஎஸ்கியூஎல்லிலோ கதையே வேறு. அங்கே அந்த இரட்டைக் கோட்டுக்கு, அமைப்பை மாற்றாதவரை, “அல்லது” என்று பொருள். இரண்டு பெயர்களை இணைக்கச் சொன்னால், இரண்டில் ஒன்றாவது உண்மையா என்று சோதித்து 0 என்று விடை தரும். ஓர் எச்சரிக்கையை ஓரமாகக் குறித்து வைக்கும். அதை யாரும் தேடிப் பார்க்காவிட்டால், முழுப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுழியம்தான் இருக்கும்.

இன்னொன்று, எழுத்துகளை எண்ணுவது. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடு முறையில் ஐந்து குறிகள், ஏனென்றால் இகர மாத்திரையும் மெய்ப்புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். இணையத்தில் எங்கும் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை, ஆக மொத்தம் 15 பைட். ‘லெங்த்’ என்று நீளம் கேட்டால் போஸ்ட்கிரெஸ் 5 என்கிறது, மைஎஸ்கியூஎல் 15 என்கிறது. அதே சொல்தான், ஆனால் முன்னது குறிகளை எண்ணுகிறது, பின்னது பைட்டுகளை எண்ணுகிறது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்த வேறுபாடு வெளியே வராது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான் என்பதால் இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருக்கும்.

இதன் விளைவு நடைமுறையில் தெரியும். ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயர் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, யூனிகோடில் 13 குறி, 39 பைட். பெயர்க் களத்தின் அளவு 20 என்று வைத்தால் மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் அது தாராளமாக அடங்கும். ஆரக்கிளில் அந்த 20, இயல்பான அமைப்பில், பைட் கணக்கு. தமிழ்ச்செல்விக்கு அங்கே இடம் இல்லை.

கருவி பார்த்துக்கொள்ளாதா?

“இதற்கெல்லாம் கருவிகள் இருக்கின்றனவே” என்று சக மாணவர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். ஜாங்கோ, ஹைபர்னேட், எஸ்கியூஎல்ஆல்கெமி போன்றவற்றைப் பயன்படுத்தினால் நாம் வினவலைக் கையால் எழுதவே வேண்டாம். எந்தத் தரவுத்தளம் என்று சொன்னால் போதும், அதற்கேற்ற வழக்கில் அவை எழுதிக்கொள்ளும். ஹைபர்னேட்டில் அதற்கான பகுதியின் பெயரே ‘டயலெக்ட்’. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. “இதை ஆரக்கிளுக்கு மாற்றிக் கொடு” என்றால் சில நொடிகளில் கொடுத்துவிடுகின்றன.

இவற்றை நானும் பயன்படுத்துகிறேன், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவை நன்றாகத் தீர்ப்பது முதல் வகை வேறுபாட்டை. ‘லிமிட்’டை ‘டாப்’ ஆக்குவது எளிது. போட்டிக்கு வராதவரைப் பட்டியலில் எங்கே வைக்க வேண்டும், அரை மதிப்பெண்ணை என்ன செய்ய வேண்டும் என்பவை நாம் சொல்லவேண்டிய முடிவுகள். நாமே முடிவு செய்யாத ஒன்றை, எந்தக் கருவியாலும் நமக்காகச் சரியாக மொழிபெயர்க்க முடியாது. நல்ல மொழிபெயர்ப்பாளரும் முதலில் “நீங்கள் சொல்ல வந்தது என்ன?” என்றுதான் கேட்பார்.

எல்லா இடத்திலும் ஓடத்தான் வேண்டுமா?

இன்னொரு வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பெரும்பாலான செயலிகள் வாழ்நாள் முழுதும் ஒரே தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் அதற்கே உரிய வலிமைகள் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸின் நில வரைபட வசதிகள் ஓர் எடுத்துக்காட்டு. எங்கும் ஓடவேண்டும் என்பதற்காக அவற்றையெல்லாம் ஒதுக்கினால், கையில் இருக்கும் நல்ல கருவியைப் பூட்டி வைப்பது போலாகும்.

இதை ஏற்றுக்கொள்கிறேன். தனி வசதிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் தெரிந்தே பயன்படுத்த வேண்டும். தெரியாமல் ஒரே வழக்கில் ஊறிப்போனால், வெளியேற நினைக்கும் நாளில் அதன் விலை தெரியும். மைஎஸ்கியூஎல்லை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-லேயே மரியாடிபி என்ற தனிக் கிளையைத் தொடங்கிவிட்டார். நாம் எதையும் மாற்றாமலே நம் தரவுத்தளத்தின் உரிமையாளர் மாறலாம் என்பதற்கு இது சான்று.

2019 அக்டோபரில் அமேசான், தன் வாடிக்கையாளர் வர்த்தகப் பிரிவு ஆரக்கிளிலிருந்து வெளியேறிவிட்டதாக அறிவித்தது. ஏறத்தாழ 7,500 தரவுத்தளங்கள், 75 பெட்டாபைட் தரவு, நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்களின் உழைப்பு. அப்படியும், ஆரக்கிளோடு இறுகப் பிணைந்திருந்த சில வெளி மென்பொருள்களை மாற்றவில்லை என்று அந்த அறிவிப்பே சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், இரண்டு மூன்று கணினி அலுவலர்களை வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனமோ தொண்டூழிய அமைப்போ என்ன செய்யும்? கட்டணம் உயர்ந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். தரவு அவர்களுடையது, ஆனால் அதை எடுத்துச் செல்லும் வழி அவர்கள் கையில் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை. எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் மூன்றையும் காசில்லாமல் நம் மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளலாம். கடந்த பருவத்தில் நானும் என் பாடக்குழுத் தோழர்களும் எங்கள் வினவல்களை இந்த மூன்றிலும் ஓட்டி, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. பாடநூலில் “இது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறலாம்” என்று ஒரே வரியில் கடந்துபோன செய்தி, அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

அந்த அனுபவத்திலிருந்து சில யோசனைகள்.

முதலாவது, சோதனைத் தரவில் எப்போதும் மூன்று வரிசைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு களம் வெறுமையாக இருக்கும் வரிசை, கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக வரும் வரிசை, தமிழ்ப் பெயர் உள்ள வரிசை. சத்தம் போடாத வேறுபாடுகளில் பல இந்த மூன்றிலேயே அகப்பட்டுவிடும்.

இரண்டாவது, எண்ணியதை வெளிப்படையாக எழுதுங்கள். 2-ஆல் வகுப்பதற்குப் பதில் 2.0-ஆல் வகுத்தால் மேலே சொன்ன ஐந்து தரவுத்தளங்களிலும் 74.5 கிடைக்கும். போட்டிக்கு வராதவர்கள் பட்டியலில் வேண்டாம் என்றால் ‘நல்’ உள்ளவர்களை நீக்கு என்று சொல்லிவிடுங்கள். வெறுமைக்கு மாற்று வேண்டுமானால் ஒவ்வொரு நிறுவனத்தின் தனிச்சொல்லுக்குப் பதிலாக, எல்லாவற்றுக்கும் தெரிந்த ‘கோலெஸ்’ என்ற தரநிலைச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, தரநிலைச் சொல் என்றதும் முழுதாக நம்பிவிடாதீர்கள். இப்போதைய நேரத்தைக் கேட்கும் ‘கரண்ட் டைம்ஸ்டாம்ப்’ இந்த ஐந்திலும் ஓடும். ஆனால் எஸ்கியூலைட் தருவது அனைத்துலகப் பொது நேரம், சிங்கப்பூர் நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால். இங்கே மார்ச் 2 காலை 7.30 என்றால் அது மார்ச் 1 இரவு 11.30 என்று சொல்லும். கடைசி நாள் முடிந்த பிறகு வந்த விண்ணப்பம், நேரத்தோடு வந்ததாகப் பதிவாகிவிடும்.

நான்காவது, ஒரு தரவுத்தளத்துக்கே உரிய வரிகளை நிரல் முழுவதும் சிதறவிடாமல் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். நாளை மாற்ற வேண்டியவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். எங்கே தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொடக்கக்கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் தரவுத்தளப் பாடத்தின் ஒரே ஒரு ஒப்படைப்பையாவது இரண்டு தரவுத்தளங்களில் செய்யச் சொல்லுங்கள். விடை மாறினால் ஏன் மாறியது என்று ஒரு பத்தி எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். மாணவர்கள் ஒரு பொருளின் பெயரைக் கற்பதோடு நின்றுவிடாமல், ஒரு மொழியைக் கற்றவர்களாக வெளியே வருவார்கள்.

இருமொழிக் கல்வியில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஒரு மொழியில் சொன்னதை இன்னொன்றில் சொல்லும்போது சொற்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கேட்பவருக்கு அதே பொருள் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதைத் தொடக்கப்பள்ளியிலிருந்தே பழகி வந்திருக்கிறோம். அந்தக் கவனத்தைக் கணினிக்கு எழுதும் மொழியிலும் காட்டுவோம். ஏனென்றால் அந்த அட்டவணைகளின் ஒவ்வொரு வரிசையிலும் இருப்பது யாரோ ஒருவரின் பெயர், மதிப்பெண், விண்ணப்பம். எந்தத் தரவுத்தளத்திடம் கேட்டாலும் அவருக்குக் கிடைக்கவேண்டிய விடை ஒன்றாகவே இருக்க வேண்டும்.